உச்சி எந்த ஊர்?

‘சுமாரா’ என்ற சொல்லை அவரிடம் சொல்லிவிட்டுத் தப்பித்த மனிதரை நான் பார்த்ததில்லை. மேட்டுப்பாளையம் பஸ் எப்போது என்று கேட்டு, பெட்டிக்கடைக்காரர் “சுமாரா ஒம்பதரைக்கு வருமுங்க” என்றால், “சுமாரா வர்ற பஸ்ஸு உங்களுக்குங்க. எனக்கு வர்றது எத்தனை மணிக்குங்க?” என்பார். சிரித்த முகத்தோடு, சொல்லுக்கு ஒரு ‘ங்க’ போட்டுச் சொல்வதால், திட்டு வாங்கியிருக்கிறோம் என்பது பத்தடி நடந்த பிறகுதான் உறைக்கும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறையில் எரிந்த மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டிக்கொண்டிருந்தார். ஊர் அவரை வைண்டிங் அக்கா என்றது. அவருக்குப் பெயர் இருந்தது, நான் சொல்லப்போவதில்லை. மலையின் பெயரையும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டு மாநிலங்களிலிருந்து மூன்று அலுவலகங்கள் என்னிடம் விளக்கம் கேட்கும். விளக்கம் எழுதியே தலை நரைத்தவன் நான். மிச்சமிருக்கும் நாலு முடியையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

அப்போது அந்த மலையின் அடிவாரக் கிராமத்தில் நான் கிராம நிர்வாக அலுவலர். எங்கள் பக்கத்தில் இன்னும் மணியகாரர் என்பார்கள். பிறப்பைப் பதிவதும், இறப்பைப் பதிவதும், இரண்டுக்கும் நடுவில் உள்ள காலத்துக்கு வருமானச் சான்றிதழ் கொடுப்பதும் என் வேலை.

காயில் கட்டும் தொழிலில் எல்லாமே சுற்றுக் கணக்கு. எந்த மோட்டாருக்கு எத்தனை சுற்றோ அத்தனை சுற்றுக் கம்பி போக வேண்டும். அவர் கை சுற்றும்போது வாய் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் யாராவது போனால் உரையாடல் இப்படி நடக்கும்: “நாப்பத்தியேழு, வாங்க, நாப்பத்தியெட்டு, உக்காருங்க, நாப்பத்தொம்பது, டீ குடிக்கறீங்களா, அம்பது.” ஒருமுறை நான் குறுக்கே புகுந்து நாட்டு நடப்பு பேசினேன். பொறுமையாகக் கேட்டார், தலையாட்டினார், பதிலும் சொன்னார். பிறகு சுற்றிய கம்பி முழுவதையும் பிரித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார்.

“ஏன்க்கா?”

“எழுவத்திரண்டா எழுவத்திமூணான்னு ஒரு சந்தேகமுங்க.”

“ஒரு சுத்துதானே. யாருக்குத் தெரியப்போகுது?”

“மோட்டாருக்குத் தெரியுமுங்க.”

என் நாட்டு நடப்புக்கு இதைவிட நல்ல விமர்சனம் இன்றுவரை வந்ததில்லை.

அவர் முதன்முதலில் என் அலுவலகத்துக்கு வந்தது ஒரு வைகாசி மாதக் காலையில். கணவர் இறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இறப்பைப் பதிய வேண்டும். பட்டறையும் அதன் கரண்ட் இணைப்பும் அவர் கணவர் பேரில் இருந்தன. சான்றிதழ் இல்லாமல் பேர் மாற்ற மாட்டார்கள். பேர் மாறாவிட்டால் என்றைக்கு வேண்டுமானாலும் வந்து கரண்டைப் பிடுங்கலாம். நான் படிவத்தை எடுத்து, துக்கத்துக்கென்று வைத்திருக்கும் முகத்தை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

“எங்கே இறந்தாருங்க?”

“மலை உச்சியிலீங்க.”

பேனாவைக் கீழே வைத்தேன். இறப்பு நடந்த இடம் எந்த ஊர் எல்லையில் இருக்கிறதோ அந்த ஊரில்தான் பதிய வேண்டும். அந்த உச்சியோ மூன்று எல்லைகள் சேரும் இடம். இந்தப் பக்கம் என் கிராமம், வடக்கே அடுத்த தாலுகாவின் கிராமம், மேற்கே கேரளம். இப்படி ஒரு இடத்தைப் பற்றி அரசு ஊழியன் சொல்ல வேண்டிய பதிலை எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை, தானாக வந்தது.

“அது என் எல்லையில வராதுங்க்கா.”

“அப்ப ஆரோட எல்லைங்க?”

“அது வந்து... சுமாரா அந்தப் பக்கமுங்க.”

சொல்லியிருக்கக் கூடாது. என்னை ஒரு கணம் பார்த்தார், எரிந்த மோட்டாரைத் திறந்து பார்ப்பதுபோல. நான் அவசரமாக ஒரு நல்ல காரியம் செய்ய முயன்றேன்.

“இதுக்கு எதுக்குங்க அலையறீங்க? அடிவாரத்துக்குத் தூக்கிட்டு வந்தப்ப உயிர் போச்சுன்னு சொல்லுங்க. அடிவாரம் என் எல்லை. பத்து நிமிசத்துல எழுதிக் குடுத்தர்றேன்.”

“பொய்யி எழுதச் சொல்றீங்களா?”

“பொய்யின்னு இல்லைங்க்கா, ஒரு சவுகரியம்.”

அவர் எழுந்துபோய்விடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எங்க ஊட்டுக்காரருக்கு ஒரு கால் சூம்பலுங்க. ஆறு வருசம் சித்திரைப் பௌர்ணமிக்கு அந்த மலை ஏறிப்போட்டு ஆறு வருசமும் பாதியில திரும்பி வந்தாரு. மொத வருசம் கீழ்ச் சுனை. அடுத்த வருசம் வழுக்குப் பாறை. போன வருசம் மூங்கக் காடு தாண்டி நூறு எட்டு. ஒவ்வொரு வருசமும் எங்க திரும்பினேன்னு வந்து சொல்லுவாரு. இந்த வருசந்தான் ஏறினாரு. சாமிக் கல்லைத் தொட்டு ‘எட்டிப்போட்டேன்டா’ன்னு கூட வந்தவங்க கிட்டச் சொல்லிப்போட்டு உக்காந்தவரு எந்திரிக்கலீங்க. அவரை நீங்க அடிவாரத்துக்கு எறக்கிப்போட்டீங்கன்னா, ஏழாவது வருசமும் அவரு ஏறலீன்னு ஆயிருமுங்களே.”

என்னிடம் இதற்குப் படிவம் இல்லை. ஓராண்டுக்குள் பதிந்தால் தாசில்தார் அனுமதியோடு முடியும், தாண்டினால் கோர்ட்டுக்குப் போக வேண்டும் என்று விதியை மட்டும் சொன்னேன். “அப்ப ஒரு வருசம் இருக்குதுங்க” என்று எழுந்தார், நான் என்னவோ சலுகை கொடுத்ததுபோல.

அதற்குப் பிறகு பட்டறை விடுமுறையான திங்கட்கிழமைகளில் அவர் அலுவலகம் அலுவலகமாக ஏறினார். மாலையில் வந்து என்னிடம் அறிக்கை கொடுப்பார். அவரை அனுப்பியவன் நான் என்பதால் அந்த உரிமையை எனக்குக் கொடுத்திருந்தார்.

வனத்துறைக்காரர் சொன்னது: “மரம் செத்தா எங்க கணக்கும்மா. மனுசன் செத்தா மணியகாரர் கணக்கு.”

கேரள எல்லையில் இருந்த கிராம அலுவலர் டீ வாங்கிக்கொடுத்து, வரைபடத்தை விரித்து, அரை மணி நேரம் பார்த்துவிட்டு, “சேச்சி, மல ஞங்ஙளுடெயாணு. பக்ஷே உச்சி நிங்ஙளுடெயாணு” என்று மலையைத் தான் வைத்துக்கொண்டு உச்சியை மட்டும் நமக்குப் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தாராம். எல்லைத் தகராறுகளின் வரலாற்றில் ஒரு மாநிலம் இவ்வளவு எளிதாக நிலத்தைத் தந்தது அன்றாகத்தான் இருக்கும்.

வடக்குக் கிராமத்து மணியகாரர், என் தொழில் அண்ணன், இன்னும் புத்திசாலி. “மலையில எல்லைங்கறது தண்ணி ஓடற கணக்குங்க. உச்சியில மழை பேஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடுதோ அந்த ஊரு” என்று சொல்லி அனுப்பிவிட்டார். மழை பெய்யும்போது யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள் என்பது அவர் எண்ணம்.

வைண்டிங் அக்கா மழைக்குக் காத்திருக்கவில்லை. வனத்துறையின் காவலர் ஒருவரைத் துணைக்குப் பிடித்து, இரண்டு பெரிய பாட்டில் தண்ணீரைச் சுமந்துகொண்டு மலை ஏறினார். கணவர் உட்கார்ந்த இடத்தில், சாமிக் கல்லின் அடியில், ஊற்றினார். மறுநாள் என் மேஜைக்கு முன்னால் நின்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

“உங்க பக்கந்தான் வந்துதுங்க.”

“என்னதுங்க?”

“தண்ணிங்க. ரெண்டு பாட்டலும்.”

“தண்ணி ஆவணம் ஆகாதுங்க்கா” என்றேன். இன்று நினைத்தாலும் என்னை நானே ஒரு அறை விடலாம் என்று தோன்றும் வாக்கியங்களில் இது மூன்றாவது. முதல் இரண்டும் என் திருமணம் சம்பந்தப்பட்டவை.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அது அவரிடம் இருந்த பெரிய தொந்தரவு. கோபித்துக்கொள்கிறவரைச் சமாளித்துவிடலாம். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு டாக்டரிடம் முழங்கை வலிக்குப் போனபோது, “ஒரு வாரம் பத்து நாள்ல சரியாயிரும்” என்றாராம் டாக்டர். “ஒரு வாரம்னா அடுத்த செவ்வாய்ங்க, பத்து நாள்னா வெள்ளிங்க. எதைங்க எழுதிக்கட்டும்?” டாக்டர் செவ்வாய் என்றார். செவ்வாய்க்கிழமை வலி போகவில்லை. புதன்கிழமை காலையில் முதல் டோக்கன் இவருடையது. பின்னாளில் என்னைக் கொடுமுடிப் பக்கம் மாற்றியபோது, வீடு எங்கே என்று போனில் கேட்டார். ஆற்றோரம் என்றேன். “எத்தனை அடிங்க?” என்றார். நான் போய் எட்டு வைத்து அளந்துவிட்டு வந்து சொன்னேன். அதற்குள் நானும் மாறியிருந்தேன்.

மாற்றியது ஒரு பதிவேடு. கிராமத்தின் எல்லைக் கற்களை ஆண்டுக்கொரு முறை நேரில் பார்த்து, இருக்கிறதா, சாய்ந்ததா, காணாமல் போனதா என்று எழுதி வைப்பது மணியகாரர் வேலைகளில் ஒன்று. நானும் தவறாமல் எழுதிவந்தேன், மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து. மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நான் போன் பேசிக்கொண்டிருந்தபோது, அது மேஜையில் திறந்து கிடந்தது. அவர் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

“ஏனுங்க, ‘மலை உச்சிக் கல், நல்ல நிலையில் அதன் இடத்தில் உள்ளது’ன்னு இருக்குது. கையெழுத்து உங்களுதுங்களா?”

“ஆமாங்க.”

“உச்சி உங்க எல்லையில வராதுன்னீங்க.”

“எல்லைக் கல்லுங்க்கா. அது வரைக்கும் வரும்.”

“அப்ப வருசா வருசம் மேல போய்ப் பாத்துப்போட்டு வர்றீங்க.”

நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“கல்லு எந்தப் பக்கம் சாஞ்சிருக்குதுங்க?”

வாழ்க்கையில் எத்தனையோ அதிகாரிகள் என்னை ஆய்வு செய்திருக்கிறார்கள். ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. “நான் ஏறினதில்லைங்க்கா” என்றேன். சொன்ன பிறகு, ஆச்சரியமாக, பசித்தது.

“அதை மொதல்லயே சொல்லியிருந்தா ஒண்ணாப் போயிருக்கலாமுங்களே” என்றார் அவர்.

பட்டறைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் அவர் உச்சியைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் கோட்டைமேட்டுப் பாய் வந்து சேர்ந்தார். நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டு போர்வெல் மோட்டார் எரிந்துபோய்க் கொண்டுவந்திருந்தார். மோட்டாரைத் திருப்பி வாங்க வந்த அன்று பட்டறையில் நானும் இருந்தேன். பாய் கிராம வரைபடத்தின் நகல் ஒன்றை மோட்டார் மேலேயே விரித்தார்.

“மூணு ஊர் கோடும் சேர்ற எடத்துல ஒரு கல்லு நட்டிருக்காங்க. கல்லு நிக்கற எடந்தான் உச்சி. அங்கே அப்படிக் கல்லு இருக்குதாம்மா?”

“ஒரே கல்லுதானுங்க இருக்குது பாய். சாமிக் கல்லு.”

“தலையில கூட்டல் குறி மாதிரி வெட்டு இருக்கணுமே.”

“மஞ்சளும் சந்தனமும் வெரல் தண்டிக்கு அப்பியிருக்குதுங்க. உள்ள என்ன இருக்குதுன்னு சாமிக்குத்தான் தெரியும்.” பிறகு பாட்டில் கதையைச் சொன்னார். “ரெண்டு பாட்டலும் இவிங்க பக்கந்தான் ஓடுச்சுங்க.”

“முழுசுமா?”

“ஒரு சொட்டு அக்கட்ட போகலீங்க.”

பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“உச்சியில ஊத்தினா அப்படி ஓடாதேம்மா” என்றார் மெதுவாக. “எல்லாப் பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் போகணும்.”

தண்ணீர் ஒரே பக்கம் ஓடினால் அது சரிவு, உச்சி இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அக்காவுக்கு உடனே புரிந்துவிட்டது. கையில் இருந்த கம்பியைக் கீழே வைத்தார்.

“அந்தக் கல்லுக்கு மேல பாறை இருக்குதாம்மா?” என்றார் பாய்.

“இருக்குதுங்க. ஆரும் ஏற மாட்டாங்க. சாமி தலைக்கு மேல கால் வெக்கப்படாதுன்னு அதோட திரும்பிருவாங்க.”

“சரி, ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க. தண்ணி இவர் பக்கம் ஓடுது. அதை வெச்சே இவர் எழுதிக்கலாம். மேல போய் அளந்தா உங்களுக்குப் புடிக்காத பதில் வரும்.”

நான் பாய்ந்தேன். “எழுதித் தர்றேன்க்கா. உச்சியின்னே எழுதறேன். ஒருத்தனும் ஏறிப் பாக்க மாட்டான். எனக்குத் தெரியும்.”

“உங்களுக்குத் தெரியுமுங்க” என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று இன்னமும் யோசிக்கிறேன். “அடிவாரம்னு சொன்னது எனக்குப் புடிக்காத பொய்யி. மூஞ்சி மேல வீசினேன். இது புடிச்ச பொய்யின்னு மடியில கட்டிக்கறதுங்களா? ஓராண்டு முடிய இன்னும் பத்தொம்பது நாளுங்க. எப்பப் போலாம்?”

நாங்கள் நான்கு பேர் ஏறினோம்: அவர், பாய், வனக்காவலர், நான். என் நாட்குறிப்பில் ‘எல்லைக் கல் ஆய்வு’ என்று எழுதினேன். அந்தக் குறிப்பேட்டில் அதற்கு முன் எழுதிய எதுவும் அவ்வளவு உண்மையாக இல்லை. கீழ்ச் சுனையில் என் மூச்சு போயிற்று. வழுக்குப் பாறையில் மானம். மூங்கில் காட்டுக்கு அப்பால் நான் தவழ்ந்ததைப் பாய் பார்க்காததுபோல் நடித்தார். அவருக்கும் முட்டி போயிருந்தது. அக்கா முன்னால் போய்க்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், “வந்துட்டீங்களா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். சூம்பிய காலோடு ஒரு மனிதர் ஏழு வருடம் இதில் முட்டி மோதியிருக்கிறார் என்பது என் தொடைகளுக்குப் புரிந்தது.

சாமிக் கல் ஒரு சமதளத்தில் இருந்தது. இருபது பேர் நின்று கும்பிட வசதியான இடம். அக்கா கைகூப்பி, “சாமி, கொஞ்சம் தலையைத் தொடைக்கறேனுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று அனுமதி கேட்டு, ஈரத்துணியால் மஞ்சளைத் துடைத்தார். கல்லின் உச்சந்தலையில் கூட்டல் குறி தெளிவாக இருந்தது. எந்தக் காலத்திலோ பூசை செய்ய மேலே இடம் போதாமல், எல்லைக் கல்லைப் பெயர்த்துக் கீழே கொண்டுவந்து சாமியாக்கியிருக்கிறார்கள். அதன் பிறகு சாமி நின்ற இடமே உச்சி. அதற்கு மேலே போவது குற்றம். கீழே, பதிவேட்டில், ஆண்டுதோறும் ‘அதன் இடத்தில் உள்ளது’ என்று என் கையெழுத்து.

“பழைய எடத்துல பாறையைச் சதுரமா வெட்டியிருப்பாங்க. அதைப் பாத்தாத்தான் முடிவு சொல்லலாம்” என்ற பாய், மேலே இருந்த பாறையைப் பார்த்தார்; பிறகு தன் முட்டியைப் பார்த்தார். வனக்காவலர் சாமி கும்பிடுகிறவர். கன்னத்தில் போட்டுக்கொண்டு ஓர் அடி பின்னால் போனார். நான் என் செருப்பு வாரை ஆராய்ந்தேன்.

“டேப்பைக் குடுங்க பாய்” என்றார் அக்கா. முனையை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். கல்லிடம் திரும்பி, “உங்க பழைய எடத்தைத்தானுங்க பாக்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு, கையும் காலுமாக ஏறினார். டேப் அவர் பின்னால் பாறையில் உரசிக்கொண்டே போயிற்று.

“இருக்குதுங்க!” மேலிருந்து குரல் வந்தது. “சதுரக் குழி. மழைத்தண்ணி நிக்குது.”

“முனையைக் குழிக்குள்ள வெச்சு அழுத்திப் புடிங்கம்மா.”

“புடிச்சிருக்கறேன். இழுங்க, தொய்வா இருக்குது.”

பாய் இழுத்துப் பிடித்து, கல்லின் அடியில் குனிந்து படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். “சரிவுல நாப்பத்தொரு அடி.”

பாறையில் உட்கார்ந்து, மடியில் காகிதத்தை வைத்து, நேரில் பார்த்ததை மகஜராக எழுதினேன். காற்று தாளைப் பிடுங்கியது.

“எழுதிப்போட்டீங்களா?”

“எழுதிட்டேனுங்க்கா.”

“படிங்க.”

கத்திப் படித்தேன். “எங்கள் கிராம எல்லைக்குள், மலை உச்சிக்குச் சரிவில் நாற்பத்தொரு அடி கீழே, சாமிக் கல்லின் அருகில் உட்கார்ந்த நிலையில் இறந்தார்.”

மேலிருந்து, “ஆரும் தூக்கிட்டுப் போகலீங்க. அதைச் சேத்துப்போடுங்க.”

‘அருகில்’ என்பதற்குப் பக்கத்தில், ‘தாமாகவே ஏறி வந்து’ என்று இடைச்செருகலாக எழுதி, அதற்கும் ஒரு கையெழுத்துப் போட்டு, முழுவதையும் மறுபடியும் படித்தேன்.

“சரிங்க” என்றார்.

வேலை முடிந்தது. பாய் டேப்பைச் சுருட்டப் பார்த்தார், வரவில்லை. மேலே அக்கா முனையைக் குழியில் அழுத்திப் பிடித்தபடியே இருந்தார். நாற்பத்தொரு அடியும் காற்றில் விறைப்பாக அதிர்ந்துகொண்டிருந்தது. பாய் இன்னொரு முறை இழுக்கக் கையெடுத்தார். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன்.